இன்ட்ரொடக்‌ஷன்

பந்தலைப் பார்த்ததும் பராசா பைக்காரனின் தோளைத் தட்டினான்.

"வீடு இதுதானாப்பா?"

"நசூனா அக்கா வீடுதானே? இதேதான், அண்ணே." எல்லையிலிருந்து அவனை ஏற்றி வந்த பைக்காரன் வண்டியை மாமர நிழலில் நிறுத்தினான். "நான் இங்கயே இருக்கேன். நீங்க சீக்கிரம் வந்துடுவீங்க."

பராசா நைரோபிக்காரன். கென்யாவும் உகாண்டாவும் வீட்டிலிருந்தே விற்று வாங்க ஓர் இணையச் சந்தை திறக்கப் போகிறான். அதற்காக வேலையை விட்டாயிற்று. மனைவி நெகேசாவின் நிலத்தையும் அடகு வைத்தாயிற்று. உகாண்டாப் பக்கத்துச் சரக்கெல்லாம் நசூனா கையில். அவள் கூட்டுக்குக் கையெழுத்துப் போடாவிட்டால் சந்தையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். இதுவரை போனில்தான் பேச்சு. 'சனிக்கிழமை இன்ட்ரொடக்‌ஷனுக்கு வாங்க' என்று அவள் செய்தி அனுப்பியிருந்தாள்.

பந்தலுக்குள் வெள்ளை அங்கி அணிந்த ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நசூனாவின் அத்தை எழுந்து வந்தாள்.

"வாங்க மாப்பிள்ளை! மாடெல்லாம் எங்க?"

"மாடா?"

"பொண்ணு கேட்டு இன்ட்ரொடக்‌ஷனுக்கு வர்றவரு மாடு இல்லாமயா வருவாரு?"

நைரோபியில் வெறும் அறிமுகமாக இருக்கும் சொல், எல்லையைத் தாண்டினால் நிச்சயதார்த்தமாகிவிடுகிறது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. 'வெறுங்கையோட போகாதீங்க' என்று நெகேசா கட்டிக் கொடுத்த சர்க்கரைக் கூடையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். அத்தை அதைப் பிடுங்கிக்கொண்டாள். பெண்கள் குலவையிட்டார்கள்.

"ஐயோ, அவங்கதான் என்னை வரச் சொன்னாங்க!"

"அடி சண்டாளி! முன்னாடியே பேசி வச்சுட்டீங்களா?" அத்தை வீட்டைப் பார்த்துக் கத்தினாள்.

"யாவாரப் பேச்சுத்தாங்க! ஆறு மாசம் சேர்ந்து இருந்து பார்ப்போம், ஒத்துவரலைன்னா பிரிஞ்சுக்கலாம்னு..." என்று பராசா பதறினான்.

பந்தலே எழுந்து நின்றது.

"எனக்குப் பொண்டாட்டி இருக்கா!" என்று அலறினான் பராசா.

"அப்ப ரெண்டாந்தாரமா? மாடு ரெட்டிப்பாகும்!"

ஒருவன் கைபேசியைத் தூக்கிப் படம் எடுத்தான். அது நெகேசா கண்ணில் பட்டால் நிலமும் போச்சு, வீடும் போச்சு. பராசாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது நசூனா ஒப்பந்தத்தோடு தலைகுனிந்து வந்தாள்.

"மன்னிச்சுக்கங்க சார், இவங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க. ஒரே வழிதான் இருக்கு. பாதிப் பாதிங்கறதை அடிச்சுட்டு எனக்கு முக்கால் பங்குன்னு எழுதுங்க. பொண்ணுக்கு மரியாதை பண்ணியாச்சுன்னு விட்டுடுவாங்க."

"முக்காலா?"

"இல்லைன்னா மாடு."

பராசா எழுதினான், கையெழுத்துப் போட்டான், ஓடிப்போய் பைக்கில் ஏறினான். எல்லை வாசல் தெரிந்த பிறகுதான் மூச்சு வந்தது.

"பாவம்பா அவங்க. பந்தல், கூட்டம்னு எவ்வளவு செலவு! எல்லாம் என்னால வீணாப் போச்சு."

"வீணா?" பைக்காரன் திரும்பிப் பார்த்தான். "அக்காகிட்ட கூட்டு பேச வர்ற எல்லாரையும் நான்தான் ஏத்திட்டு வர்றேன், அண்ணே. அந்தப் பந்தலை இதுவரைக்கும் பிரிச்சதே இல்லையே!"