வெந்நீர் வசதியுடன் கூடிய மீட்புப் படகு

ஓர் ஏரி இருந்தால் அதில் விழுவதற்கு யாராவது வந்தே தீருவார்கள். விழுந்தவரைத் தூக்க ஒரு படகு வேண்டும். படகை ஓட்ட ஓர் ஓட்டுநர் வேண்டும். ஓட்டுநரை மேய்க்க ஒரு கண்காணிப்பாளர் வேண்டும். இந்த அடிப்படைத் தத்துவத்தின் மீதுதான் மலை நீர்நிலைகள் உல்லாச மற்றும் உயிர்காப்பு வாரியம் எழுப்பப்பட்டது. கொடைக்கானலிலிருந்து பூண்டிக்குப் போகிற வழியில், கேரட் வயல்களுக்கு நடுவே கிடக்கும் ஒரு சின்ன ஏரிக்கு அந்த வாரியம் ஒரு மீட்புப் படகையும், முத்துராஜ் என்ற ஓட்டுநரையும், செந்தில்வேல் என்ற கண்காணிப்பாளரையும் மனமுவந்து வழங்கியிருந்தது.

செந்தில்வேல் பழனிக்காரர். அடிவாரத்து வெயிலில் வளர்ந்த உடம்பு. மலையேறிய நாளிலிருந்து அவர் குரங்குக் குல்லாயைக் கழற்றியதில்லை. குளியல் என்பது அவருக்கு அமாவாசைக்கு அமாவாசை வரும் விசேஷம். மனைவி ஷர்மிளா பழனியில் இருந்தாள். சூடான சோறு பழனியில் இருந்தது. சூரியன்கூட பழனியில்தான் இருந்தது. அவருக்கு இந்தப் பிறவியில் இருந்த ஒரே ஆசை பழனிக்கு ஒரு மாறுதல். ஆய்வின்போது படகு ‘திருப்திகரம்’ என்று வந்துவிட்டால் மாறுதல் தருவதாகத் தலைமையகம் வாக்களித்திருந்தது.

ஆக, அவருக்கும் பழனிக்கும் குறுக்கே நின்றது மலைப்பாதை அல்ல, ஒரு ரப்பர் சக்கரம்.

படகுக்கு ஒரே ஓர் எஞ்சின். அது ஏரித் தண்ணீரையே உறிஞ்சித் தன் உடம்பைக் குளிர்வித்துக்கொண்டு, பக்கவாட்டில் இருக்கும் ஓட்டை வழியாக வெளியே பீய்ச்சும். உறிஞ்சுகிற வேலையை உள்ளே இருக்கும் உள்ளங்கை அகல ரப்பர் சக்கரம் பார்க்கும். வருஷத்துக்கு ஒரு தடவை அதை மாற்ற வேண்டும். படகு வந்ததிலிருந்து மாற்றவில்லை. சக்கரத்தின் பற்கள் தேய்ந்து பொக்கையாகிவிட்டன. அதனால் கொஞ்ச தூரம் போனதும் எஞ்சின் கொதிக்கும். பீய்ச்ச வேண்டிய தண்ணீர் ஆவி பறக்க ஒழுகும். இதில் ரகசியம் ஒன்றுமில்லை. செந்தில்வேலுக்குத் தெரியும், முத்துராஜுக்குத் தெரியும், கரையில் சோளக்கதிர் சுடுகிற வீரம்மாளுக்கும் தெரியும்.

அந்தச் சக்கரம் பெருமாள்மலையில் முகம்மது இஸ்மாயில் பாயின் உதிரிபாகக் கடையில் ஆணியில் தொங்கியது.

“எடுத்துட்டுப் போங்க சார். காசு பெறகு பாத்துக்கலாம்” என்றார் பாய்.

“எப்படி பாய் எடுக்குறது? மொதல்ல படகு பழுதுன்னு எழுதணும்ல?”

“எழுதுங்க.”

“எழுதுனா, பழுதாகுற வரைக்கும் நீ என்ன பண்ணிட்டு இருந்தேன்னு பதினேழு-பின்னு ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணை குடுப்பாங்க.”

“அப்ப பழுதில்ல, சும்மா பராமரிப்புன்னு எழுதுங்க.”

“பழுதே இல்லாததுக்கு எதுக்குய்யா செலவுன்னு கேப்பாங்க.”

பாய் இரக்கப்பட்டார். “சரி, நானே சும்மா தர்றேன். கொண்டுபோயி மாட்டிக்கிறுங்க.”

செந்தில்வேல் பதறிப்போனார். “ஐயையோ! அரசாங்க எஞ்சினுக்குள்ள அரசாங்கம் வாங்காத சக்கரம் எப்படி வந்துச்சுன்னு தணிக்கையில கேட்டா? வடகவுஞ்சிப் பக்கம் ஒருத்தரு ஆபீஸ்ல ஃபியூஸ் போன பல்பைக் கழட்டிட்டுச் சொந்தக் காசுல ஒண்ணு போட்டாரு. கணக்குல இல்லாத வெளிச்சம் எப்படி வந்துச்சுன்னு இன்னும் விசாரணை நடக்குது.”

“அப்ப என்னதான் சார் வாங்க முடியும்?”

“மேம்பாடு பாய். மேம்பாடுன்னு எழுதுனா கேக்காமலே குடுப்பாங்க.”

வாரியத்தின் நியாயம் அதுதான். பழுது என்றால் யாரோ செய்த தப்பு. மேம்பாடு என்றால் யாரோ செய்த சாதனை. தப்புக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட எந்த அதிகாரிக்கு மனசு வரும்?

சாதனைக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போடவே பிறந்தவர் செயற்பொறியாளர் ராஜேஷ்குமார். அவர் வாயில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்ற சொல் வெற்றிலை மாதிரி எப்போதும் கிடக்கும். ஆய்வுக்கு முன்னோட்டமாக அவர் ஒருநாள் வெள்ளனே ஏரிக்கு வந்து இறங்கினார்.

“படகு எப்படிய்யா இருக்கு?”

“ரொம்ப நல்லா இருக்கு சார். இன்னும் நல்லா இருந்தா நல்லாருக்கும்” என்றார் செந்தில்வேல். இதைச் சொல்வதற்கு ஒரு வாரம் ஒத்திகை பார்த்திருந்தார். சக்கரம் என்கிற வார்த்தையை மேம்பாட்டுக்குள் எப்படியாவது நுழைத்துவிடலாம் என்பது அவர் கணக்கு.

நுழைக்க இடம் கிடைக்கவில்லை. ராஜேஷ்குமாரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பந்தயப் படகுக்குப் போடுகிற எஃகு விசிறி. பக்கவாட்டில் நெருப்பு பறக்கிற ஸ்டிக்கர். ஊரே திரும்பிப் பார்க்கிற சைலன்சர். பின்னால் ஒரு றெக்கை.

“றெக்கை எதுக்கு சார்?” என்று கேட்டான் முத்துராஜ்.

“வேகத்துல படகு பறந்துறாம இருக்கறதுக்கு.”

“அக்கரை அந்தா தெரியுது சார். முழுசா முறுக்குனா கேரட் காட்டுக்குள்ளதான் போயி நிக்கும்.”

ராஜேஷ்குமார் யோசித்தார். “அப்ப ஹெட்லைட்டும் போட்டுருவோம்.”

முத்துராஜ் எதிர்த்துப் பேசினான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவனுடைய பைக்கிலேயே பிரேக் கட்டை தேய்ந்து வருஷமாகிறது. சைலன்சரை மட்டும் மூன்று தடவை மாற்றிவிட்டான். மலைப்பாதையில் அவன் நிற்க முடியாமல் வருவது வடகவுஞ்சி வரைக்கும் கேட்கும்.

மேம்பாடுகள் வந்து இறங்கின. சோதனை ஓட்டத்துக்கு செந்தில்வேலையும் கூட்டிக்கொண்டு ராஜேஷ்குமாரே ஏறி உட்கார்ந்தார். படகு உறுமிக்கொண்டு பாய்ந்தது. பாதி ஏரியில் எஞ்சின் கொதித்து, ஆவி எழும்பி, அவருடைய கூலிங் கிளாஸை மூடியது.

“என்னய்யா இது ஆவி?”

செந்தில்வேல் வாயைத் திறந்தார். ‘பழுது’ என்ற சொல் தொண்டை வரை வந்தது. அதற்குப் பின்னாலேயே பதினேழு-பியும் வந்தது. இரண்டையும் சேர்த்து விழுங்கிவிட்டு, “வெந்நீர் வசதி சார்” என்றார்.

ராஜேஷ்குமார் ஒழுகுகிற தண்ணீரில் விரலை நீட்டினார். “ஆ!” என்று இழுத்துக்கொண்டார். விரலைப் பார்த்தார். செந்தில்வேலைப் பார்த்தார்.

“இந்த ஊர் ஏரியில விழுறவன் எதுலய்யா சாவான்?”

“தண்ணியில சார்.”

“இல்லய்யா, குளிர்ல! இத்தனை வருஷமா மீட்புப் படகு வச்சிருக்கோம். மீட்டவனுக்கு ஒரு சொம்பு வெந்நீர் குடுக்கணும்னு எவனுக்காவது தோணுச்சா? உனக்குத் தோணியிருக்கு!”

“தானா வந்ததுதான் சார்” என்றார் செந்தில்வேல். அடக்கத்தோடு சொன்னார் என்று ராஜேஷ்குமார் எடுத்துக்கொண்டார்.

ஆணை வந்தது. ‘மீட்கப்படும் பொதுமக்களின் உடல்வெப்ப நலனைக் கனிவுடன் கருத்தில்கொண்டு’ என்று தொடங்கி, அந்த வசதிக்கு எவ்விதச் சேதமும் நேராமல் காப்பது கண்காணிப்பாளரின் தனிப்பட்ட பொறுப்பு என்று முடிந்தது. இனிமேல் அந்தச் சக்கரத்தை மாற்றினால் அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்திய குற்றம். செந்தில்வேல் அன்றைக்குக் குல்லாய்க்கு மேல் இன்னொரு குல்லாய் போட்டுக்கொண்டு அழுதார்.

ஆய்வு நாளில் வாரியத் தலைவர் மாலையும் கழுத்துமாகக் கரையில் உட்கார்ந்தார். விழுவதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. ‘என் படகு, நானே விழுகிறேன்’ என்று மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு ராஜேஷ்குமாரே குதித்தார். ஸ்டிக்கர் நெருப்போடு, றெக்கையோடு, காது கிழிகிற சத்தத்தோடு படகு கிளம்பியது. செந்தில்வேல் உள்ளே உட்கார்ந்து முருகனை வேண்டிக்கொண்டிருந்தார். ஏரியின் நட்டநடுவில் எஞ்சின் ‘டம்’ என்று ஒரு சத்தம் போட்டது. அதோடு சரி. உள்ளே அந்தச் சக்கரம் தவிர எல்லாம் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது.

“ஏய்! இங்கிட்டு வாங்கய்யா!” என்று ராஜேஷ்குமார் பல் தந்தியடிக்கக் கத்தினார். படகு அசையவில்லை. வேறு வழியில்லாமல் அவரே கையைக் காலை அடித்துப் படகிடம் வந்து சேர்ந்தார். என்ன செய்வதென்று தெரியாத முத்துராஜ், எஞ்சினிலிருந்து பிடித்து வைத்திருந்த ஒரு வாளி வெந்நீரை அவர் தலையில் கவிழ்த்தான்.

தொலைந்தது பழனி என்று செந்தில்வேல் கண்ணை மூடிக்கொண்டார்.

“அடடா… அடடடா…” என்றார் ராஜேஷ்குமார். “இன்னும் ஊத்துடா தம்பி.”

‘படகுக்கும் விழுந்தவருக்கும் இடையிலான தூரம் வெற்றிகரமாகக் குறைக்கப்பட்டது. வெந்நீர் மிக நன்று’ என்று ஆய்வறிக்கை எழுதப்பட்டது. யார் யாரை நோக்கிப் போனார்கள் என்பது அறிக்கைக்குத் தேவைப்படவில்லை. உருகிய எஞ்சினுக்குப் பதிலாக இரண்டு மடங்கு சக்தியுள்ள புது எஞ்சின் ஒதுக்கப்பட்டது.

புது எஞ்சினில் ஒரு கோளாறு இருந்தது. அது சூடாகவே இல்லை. அதற்குள் புத்தம்புதுச் சக்கரம் இருந்தது. குளுகுளுவென்று தண்ணீரைப் பீய்ச்சியது. செந்தில்வேல் நடுங்கிக்கொண்டே தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னார்.

“வெந்நீர் வரலையா? அப்ப பழுதுன்னு எழுதுய்யா! பராமரிப்புச் செலவுல உடனே சரிபண்ணு!” என்று கத்தினார் ராஜேஷ்குமார்.

வாரியத்தின் வரலாற்றிலேயே பராமரிப்புக்கு அன்றுதான் முதல் அனுமதி கிடைத்தது. இஸ்மாயில் பாய் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கு வந்தார்.

“நல்ல சக்கரத்தைக் கழட்டிட்டு, பழைய எஞ்சின்ல இருந்த அந்தத் தேஞ்சுபோன பொக்கையை மாட்டணும். அதான சார் சோலி?”

“ஆமா பாய்.”

“அல்லா!” என்றார் பாய். மாட்டிக் கொடுத்தார்.

இப்படியாக, செந்தில்வேலுக்குக் கிடைக்காத மாறுதல் அந்த ரப்பர் சக்கரத்துக்குக் கிடைத்தது. அவரை, ‘வெந்நீர் வசதியின் தந்தை’ என்று பாராட்டி, பொதுநலன் கருதி மறு உத்தரவு வரும்வரை அங்கேயே நிறுத்திவைத்தார்கள்.

ராஜேஷ்குமார் குளித்த வீடியோ அதற்குள் ஊரெல்லாம் சுற்றிவிட்டது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் வந்து வெந்நீர் கேட்டார்கள். விதிப்படி ஏரியில் விழுந்தவருக்கு மட்டும்தான் வெந்நீர். சரி என்று விழுந்தார்கள். தேனிலவுத் தம்பதிகள் கையைக் கோத்துக்கொண்டு விழுந்தார்கள். மன அழுத்தத்துக்கு நல்லது என்று கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் குழுவாக வந்து விழுந்தார்கள். ஹோம்ஸ்டே விளம்பரங்களில் ‘மலைக் காட்சி, கேம்ப் ஃபயர், ஏரியில் விழுதல்’ என்று போட்டார்கள். பாய் உதிரிபாகங்களை ஓரங்கட்டிவிட்டுத் துண்டு விற்க ஆரம்பித்தார். படகு துறையை விட்டு நகர்வதே இல்லை. கட்டிப்போட்டு, எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டு, வாளியில் பிடித்து வைப்பார்கள். விழுந்தவர்கள் தாங்களாகவே படகைத் தேடி வந்தார்கள். அதிகம் பேரை மீட்ட படகு என்று வாரியம் கேடயம் கொடுத்தது.

செந்தில்வேல் தொலைபேசியில் மனைவியிடம் ஓவென்று அழுதார். ஷர்மிளா மறுநாளே கொடைக்கானலுக்கு ஏறிவந்து, ராஜேஷ்குமார் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவள் எழுந்திருக்கும்போது கையில் மாறுதல் ஆணை இருந்தது. நேரே ஏரிக்கரைக்கு வேனை விடச் சொன்னாள். வேனில் வெந்நீருக்கு ஆசைப்பட்டு வந்த அவளுடைய தெருப் பெண்கள் நாலு பேரும் இருந்தார்கள்.

“என்னங்க! ஆர்டர் வாங்கிட்டேன்!” என்று கரையிலிருந்தே காகிதத்தை ஆட்டினாள். “இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பழனியில சேரலேன்னா செல்லாதாம்! வெரசா வாங்க!”

செந்தில்வேல் ஓடினார். குளிரை மறந்தார், வயதை மறந்தார், துறைப் பலகை முழுக்க ஈரம் என்பதையும் மறந்தார். வழுக்கி, ஆழமான பக்கமாகப் போய் ஏரியில் விழுந்தார். அவருக்கு நீந்தத் தெரியாது.

“காப்பாத்துங்க! ஐயோ, காப்பாத்துங்க!”

கரையில் கைத்தட்டல் எழுந்தது. “நடிப்பு சூப்பரா இருக்குல்ல?” என்றான் ஒருவன்.

“ஏலே முத்துராஜு! படகை எடுலே!”

“எடுத்தா வெந்நி ஆறிரும் சார்!” என்றான் முத்துராஜ். “வரிசையில இத்தனை பேரு நிக்கிறாங்க, நீங்களே இப்படி நடுவுல பூரலாமா?”

“ஷர்மிளா!”

ஷர்மிளா செல்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். “இங்கிட்டுப் பாத்துக் கத்துங்க! மொகம் தெரியல!”

தண்ணீர் வாய்க்குள் போனது. மூக்குக்குள் போனது. உலகத்தில் தன்னைக் காப்பாற்ற ஒரு நாதியும் இல்லை என்பது செந்தில்வேலுக்கு மெய்யாகவே புரிந்தது. கையைக் காலை எப்படி அடித்தாரோ, படகின் விளிம்பு விரலில் தட்டுப்பட்டது. முத்துராஜ் இழுத்துப் போட்டான். விதிப்படி தலையில் ஒரு வாளி கவிழ்த்தான்.

கண்காணிப்பாளர் என்பதால் செந்தில்வேல் அதுவரை அந்த வெந்நீரைத் தொட்டதில்லை. அது உச்சியில் இறங்கி, முதுகில் ஓடி, உள்ளங்கால் வரை போனது. எத்தனையோ வருஷமாக உறைந்து கிடந்த எலும்பெல்லாம் இளகின.

“ஷர்மிளா” என்றார். “நான் செத்திருப்பேன்டி.”

“நல்லாத்தாங்க வந்துருக்கு” என்று அவள் வீடியோவை ஓட்டிப் பார்த்தாள். “கடைசியில கத்துனதுதான் கொஞ்சம் ஓவரு. எங்களுக்கும் இன்னும் மொறை வரல. அதுக்குள்ள இன்னொருக்கா விழுறீங்களா? இந்தாங்க, மொதல்ல ஆர்டரைப் பிடிங்க.”

செந்தில்வேல் ஆணையை வாங்கிப் படித்தார். பழனி என்றுதான் போட்டிருந்தது. வெயில் மலைக்குப் பின்னால் சாய்ந்துகொண்டிருந்தது. வேன்காரர் ஹாரன் அடித்தார்.

“வெந்நி இருக்காலே?” என்று முத்துராஜிடம் கேட்டார்.

“நெறையக் கெடக்கு சார்.”

நனைந்துவிடக் கூடாதே என்று மாறுதல் ஆணையை நாலாக மடித்து ஷர்மிளா கையில் கொடுத்துவிட்டு, செந்தில்வேல் மறுபடியும் ஏரியில் விழுந்தார்.