வட்டிலப்பத்துக்குப் போன தீவு

மேசையின் இரு பக்கமும் இரண்டு நட்பு நாடுகள் இருந்தன. நடுவராக எங்கள் விரிவுரையாளர் இருந்தார். பெரியப்பா மகனின் கலியாணக் கோட்டுக்குள் எங்கேயோ நான் இருந்தேன். இல்லாதவர்கள், நாங்கள் பேசிய தீவின் மக்கள். (உட்காரக் கதிரை போதவில்லை.)

வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த மாதிரிப் பேச்சுவார்த்தை அது. கற்பனைத் தீவொன்றை ஆளும் நாட்டுக்கு நான் வெளிநாட்டு அமைச்சர். அதை நூறு வருடக் குத்தகைக்குக் கேட்கும் நட்பு நாட்டுக்கு ஏறாவூர் றிஸ்வானா. வெல்பவருக்குக் கொழும்பில் இறுதிச்சுற்று. எங்கள் குடும்பத்தில் முதன்முதல் படித்தவன் நான். "மகன் நாடுகளோட பேசப் போறான்" என்று அப்பா தன்னாமுனைத் தோணிக்காரர் அத்தனை பேருக்கும் அறிவித்திருந்தார்.

"தீவு மக்கள் வாக்களிக்காமல் ஒரு பிடி மண்ணும் தரமாட்டோம்!" என்று காலை முழுவதும் முழங்கினேன். றிஸ்வானா வியர்த்தாள். வெற்றி என் பக்கம்.

தேநீர் இடைவேளையில் அவள் ஒரு டப்பாவைத் திறந்தாள். ஏலக்காய் போட்டு அவித்த இனிப்பு, வட்டிலப்பம்!

"பேச்சு முடியட்டும் றிஸ்வானா."

"பேச்சுக்கும் தின்றதுக்கும் என்னகா? உம்மா விடியவே எழும்பி அவிச்சது."

(இரவல் கோட்டில் கறை பட்டுவிடும் என்ற பயத்தில் நான் காலையில் சாப்பிடவில்லை.) இரண்டு துண்டு தின்றேன். மூன்றாவது கோட்டில் விழுந்தது.

அப்போதுதான் நினைவு வந்தது. போன மாதம் அக்காவுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள், பேச்சு சரிவரும்வரை எங்கள் வீட்டுத் தேத்தண்ணியைத் தொடவில்லை. எங்கள் பக்கத்தில் வாய் நனைத்தால் சம்மதம். நானோ டப்பாவையே வழித்திருந்தேன்!

மீண்டும் அமர்ந்தோம். "அப்ப, தீவு?" என்றாள்.

வாக்கெடுப்பு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஏலக்காய் மணந்தது.

"உங்கட விருப்பம்போல செய்யுங்க" என்றேன். மரியாதை குறைந்துவிடுமோ என்று, "துறைமுகத்தையும் சேத்து எடுங்க" என்றும் சொன்னேன்.

விரிவுரையாளர் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, நீர் எந்த நாட்டு அமைச்சர்?"

கொழும்புக்கு றிஸ்வானா போனாள். இன்றும் அக்காவுக்குச் சம்பந்தம் பேச யாராவது படலையைத் திறந்தால் அம்மா பதறுவார்: "இவன வெளிய அனுப்புங்க! ஒரு துண்டு இனிப்புக்குப் புள்ளயையும் குடுத்து, வளவையும் எழுதிக் குடுத்திருவான்!"

கோட்டின் கறையை எடுக்க எண்ணூற்றைம்பது ரூபாய் கொடுத்தேன். தீவுக்கு அதுகூட யாரும் கொடுக்கவில்லை.