ஹாரன் அண்ணன் ஏற்றுக்கொண்ட பொட்டலம்

இடுக்கி மலையில் ஒளித்துவைக்க முடியாதவை இரண்டு. ஒன்று ஏலக்காய் வாசனை. இன்னொன்று ஹாரன் அண்ணன் காதில் விழுந்த சேதி.

ஆனைக்கரையில் அவர் டிரிப் ஜீப் ஓட்டினார். அந்த ஜீப்பில் ஹாரன் கிடையாது. வளைவு வந்தால் தலையை வெளியே நீட்டி அவரே கத்துவார். எதிரே வருகிற அரசு பஸ் ஒதுங்கி நிற்கும். வருஷத்துக்கு ஒரு நாள், வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோகும்போது மட்டும் ஒரு ஹாரனை வாங்கி மாட்டுவார். மறுநாளே கழற்றி வீசிவிடுவார். அதற்குச் சத்தம் போதவில்லை என்பது அவருடைய குறை. அவரது நிஜப்பெயர் வேண்டுமென்றால் ரேஷன் கார்டில்தான் தேட வேண்டும். அவர் மனைவி ராசாத்தி அக்காவே ‘எங்க ஹாரன்’ என்றுதான் சொல்வார்.

மனிதருக்குக் கிசுகிசுக்கவே வராது. ஒரு சாவு வீட்டில் யாருடைய காதோரமோ ஆறுதல் சொன்னார். தெருக்கோடியில் நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தவர் "சரிங்கண்ணே" என்று பதில் சொன்னார். பள்ளிக்கூட வாத்தியாருக்குப் பல்செட் என்பதை ஜீப்பில் பக்கத்து சீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னார். மறுநாள் மூன்றாம் வகுப்பு முழுவதும் வாத்தியாரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. தோட்டத்தில் காய் எடுக்கிற பெண் ஒருத்தி கர்ப்பம் என்ற சேதி ஊரையெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில்தான் அவள் புருஷனுக்குப் போய்ச் சேர்ந்தது.

இப்படிப்பட்டவரிடம் மாட்டக் கூடாத ரகசியம் ஒன்று என்னிடம் இருந்தது. எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். ஊரில் ஓர் உரக்கடையில் வேலை. கடைக்கு மேல்மாடியில் குடித்தனம். மனைவி தேன்மொழி. குறை ஒன்றும் இல்லை, ஒன்றைத் தவிர. படுக்கையில் எனக்கு எல்லாம் ஆரம்பித்த ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். சில நாள் அந்த ஒரு நிமிஷமும் இருக்காது. வெட்கத்தில் நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன். பிறகு அந்த நிலைமையே வரக் கூடாது என்று குழம்பில் உப்பு இல்லை, சட்டைக்குப் பொத்தான் இல்லை என்று சாயங்காலமே ஒரு சண்டையைத் தொடங்கிவைப்பேன். தேன்மொழி முதலில் பதிலுக்குப் பேசினாள். பிறகு பேசவில்லை. ஒருநாள், கொஞ்ச நாள் அம்மா வீட்டுக்குப் போய் இருக்கட்டுமா என்று கேட்டாள். அவள் எடுத்துவைத்த பையில் குளிர்காலத்து ஸ்வெட்டரும் இருந்ததைப் பார்த்தேன். அப்போது சித்திரை மாதம். எனக்குக் கைகால் ஓடவில்லை.

டாக்டரிடம் போயிருக்கலாம். புத்தி போகவில்லை. கம்பம் பஸ் ஸ்டாண்டு சுவரில், ‘இளமையில் செய்த தவறா?’ என்று என்னைப் பார்த்தே கேட்கிற மாதிரி ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் போட்டிருந்த லாட்ஜுக்குப் போனேன். வைத்தியர் என் கையைப் பிடித்துப் பார்த்து, நரம்பெல்லாம் கரைந்துவிட்டது என்றார். நான் அங்கேயே பாதி கரைந்தேன். கறுப்பாய் உருண்டை பிடித்த லேகியத்தைச் செய்தித்தாளில் கட்டி, நூல் சுற்றிக் கொடுத்தார். நாற்பத்தெட்டு நாள் புளி கூடாதாம். மனைவியிடம் மூச்சு விடவும் கூடாதாம்.

பொட்டலத்தோடு லாட்ஜ் படியை விட்டு இறங்குகிறேன், எதிரே ஹாரன் அண்ணனின் ஜீப். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வந்த எங்கள் ஊர்ப் பெண்கள் பத்துப் பேர், காய்கறி மூட்டைகளோடு உள்ளே. "தம்பி, ஊருக்குத்தான, ஏறு" என்றார் அவர். பஸ் ஸ்டாண்டு மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அதற்குமேல் நின்றால் ஆபத்து என்று ஏறி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பொட்டலத்தை சீட்டுக்கு அடியில் தள்ளினேன். அவர் அதைப் பார்த்தார். ‘விந்து முந்துகிறதா?’ என்று கொட்டை எழுத்தில் கேட்ட லாட்ஜ் போர்டையும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததை வாழ்க்கையில் முதல்முறையாக அன்றுதான் பார்த்தேன்.

மலையேறினால் மேலே கேரள எல்லையில் எக்சைஸ் செக்போஸ்ட். கஞ்சா வருகிறதா என்று அவ்வப்போது வண்டியைக் குடைவார்கள். அன்று குடைந்தார்கள். முருங்கைக்காயைக் கிளறி, பூண்டு மூட்டையை அமுக்கிப் பார்த்து, கடைசியில் சீட்டுக்கு அடியில் கைவிட்ட அதிகாரி என் பொட்டலத்தை வெளியே எடுத்தார். பிரித்தார். கறுப்பு உருண்டை. அவர் முகம் இறுகியது. எல்லாரையும் இறங்கச் சொன்னார்.

"எந்தா இது? யாருடையது?" என்று பாதி மலையாளத்திலும் பாதி தமிழிலும் கேட்டார்.

பத்துப் பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கஞ்சா கேஸில் உள்ளே போவதா, அல்லது இது எதற்கான மருந்து என்று இத்தனை பேருக்கு முன்னால் சொல்வதா? சத்தியமாகச் சொல்கிறேன், ஜெயில் பரவாயில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

"என்னோடதுதான் சார்" என்றார் ஹாரன் அண்ணன்.

"என்ன சாதனம்? என்ன சாமான்?"

"லேகியம் சார். பொண்டாட்டிகிட்டப் போனா ஆரம்பிக்குமுன்ன முடிஞ்சிருது சார். அதுக்கு."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அவருடைய சாதாரணம் என்பது மூன்று வளைவு தாண்டிக் கேட்கும் சத்தம். பின்னால் நின்ற அரசு பஸ்ஸில் பேச்சு நின்றது. கண்டக்டர் ஜன்னல் வழியாக இடுப்புவரை வெளியே வந்துவிட்டார். பெண்களில் ஒருத்தி கையிலிருந்த தக்காளிப் பையைக் கீழே விட்டாள். அதிகாரி அந்த உருண்டையை முகர்ந்து பார்த்து, உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்து, மறுபடி கட்டி, பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் அண்ணனிடம் நீட்டினார். "பொய்க்கோ", போய்க்கொள் என்று அவர் சொன்னது கிட்டத்தட்ட யாருக்குமே கேட்கவில்லை. ஊர் வந்து சேரும்வரை ஜீப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வளைவுகளில் கத்தியவர் ஹாரன் அண்ணன் மட்டுந்தான்.

மறுநாளே அவருக்கு ‘எக்ஸ்பிரஸ்’ என்று புதுப்பெயர். டீக்கடைக்குள் அவர் நுழைந்தால், "அண்ணனுக்கு டீ சீக்கிரம் குடுப்பா, தாங்க மாட்டாரு" என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே டீ குடித்துவிட்டுப் போவார். அந்தக் கடையில் உட்கார்ந்து மற்றவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் என்னைச் சந்தேகப்படுவார்களோ என்ற பயம். இன்றுவரை என்னை நானே மன்னிக்காத சிரிப்பு அது.

நான்காம் நாள் ஜீப்பை உரக்கடை வாசலில் நிறுத்தினார். கடையில் செடிக்கு அடிக்கிற துரிசு மருந்து வாங்க வந்த விவசாயிகள் மூன்று பேர். அவர் என் மேஜைமேல் கை ஊன்றி, ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசத் தொடங்கினார். லேகியத்தை எடுத்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்கே போயிருக்கிறார். சீட்டு எடுத்து, வரிசையில் நின்று, தனக்குத்தான் நோய் என்று டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்கிறார். கல்யாணமாகி எவ்வளவு நாள் என்று கேட்டதற்கு ஆறு மாதம் என்றிருக்கிறார். அவருடைய மூத்த மகளோடு படித்த நர்ஸ் பேனாவைக் கீழே போட்டுவிட்டாளாம். டாக்டரம்மா சிரிக்காமல் எல்லாவற்றையும் விளக்கியிருக்கிறார்.

"எனக்குச் சொன்னதுதான் தம்பி, கேட்டுக்க" என்று என்னையே பார்த்துக்கொண்டு அவர் ஒப்பித்தார். இது எத்தனையோ ஆம்பளைகளுக்கு வருகிற விஷயம். நரம்பும் கரையாது, சின்ன வயதில் செய்தது எதுவும் காரணமும் இல்லை. பதற்றப்பட்டால் இன்னும் சீக்கிரம் முடியும். முடியப்போகிறது என்று தெரிந்தால் நிறுத்த வேண்டும். அடங்கிய பிறகு மறுபடி தொடங்க வேண்டும். பழகப் பழகக் கைக்கு வரும். மூத்திரத்தை அடக்குகிற தசையை இறுக்கிவிடுகிற பயிற்சி ஒன்று உண்டு. உறை போட்டால் உணர்ச்சி கொஞ்சம் மட்டுப்படும். மாத்திரையும் களிம்பும்கூட இருக்கின்றன. ஆனால் டாக்டர் பார்த்து எழுதித்தான் வாங்க வேண்டும். இந்த உருண்டையில் என்ன கலந்திருக்கிறது என்று உருட்டியவனுக்கே தெரியாது, தூக்கிப் போடு.

மூன்று விவசாயிகளும் துரிசுப் பையோடு அப்படியே நின்றார்கள். அவர்களில் பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்த நிறுத்துற விஷயத்த மட்டும் இன்னொருக்கச் சொல்லுப்பா" என்றார். அண்ணன் சொன்னார். பிறகு என் பக்கம் குனிந்து ஒன்றைச் சேர்த்தார்.

"எல்லாத்துக்கும் மேல இது தம்பி. வெக்கப்பட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டா, தன்னத்தான் பிடிக்கலன்னு அந்தப் புள்ள நெனச்சுக்குமாம். மொதல்ல அவகிட்டச் சொல்லணுமாம். ரெண்டு பேருமா வரச் சொன்னாங்க."

அவர் போன பிறகு மாடிக்கு ஏறினேன். பாதிப் படியில் தேன்மொழி உட்கார்ந்திருந்தாள். அவர் பேசியது அவளுக்குக் கேட்காமல் இருந்திருந்தால்தான் அதிசயம்.

"ஹாரன் அண்ணனுக்கு இருக்கறது உங்களுக்கும் இருக்கா?" என்றாள்.

தலையாட்டினேன்.

"இதுக்கா ஆறு மாசமா சண்ட போட்டீங்க? என்னப் பிடிக்கலன்னு நெனச்சு நான் பைய எடுத்து வச்சிருக்கேன்."

அவள் அழுதாள். நானும் அழுதேன். அந்த வாரமே இருவரும் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனோம், ஹாரன் அண்ணனின் ஜீப்பில்தான். ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. பல மாதம் ஆனது. சில நாள் சரியாக இருக்கும், சில நாள் பழைய கதைதான். ஆனால் நான் சுவர்ப்பக்கம் திரும்புவதை நிறுத்திவிட்டேன். ஸ்வெட்டர் பீரோவுக்குத் திரும்பியது. இன்னொரு சேதியும் உண்டு: ஆஸ்பத்திரி வரிசையில் எனக்கு முன்னால் கைக்குட்டையால் முகத்தை மூடி உட்கார்ந்திருந்தவரை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. செக்போஸ்ட் அதிகாரி.

ஒரே ஒரு பாரம் மட்டும் மனதை அழுத்தியது. தோட்டத்துப் பெண்கள் ராசாத்தி அக்காவைப் படுத்துகிற பாடு என் காதுக்கும் வந்தது. ஒருநாள் அவர் வீட்டுக்குப் போய், என்னை மன்னித்துவிடுங்கள் என்று கையைக் கூப்பினேன். அக்கா திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்.

"அது நீயாப்பா?" என்றார். "அன்னிக்கி வந்ததுமே எங்கிட்டச் சொல்லிட்டாரு. ஊரு சிரிக்கும் ராசாத்தி, பொறுத்துக்க, ஆளு மட்டும் யாருன்னு கேக்காதன்னாரு. நானும் எத்தனையோ தடவ கேட்டுப் பாத்துட்டேன். வாயே தொறக்கல."

இதை எழுதட்டுமா என்று போன வாரம் அவரிடம் கேட்டேன். "எழுது, எம்பேரையே போட்டுக்க" என்று ஜீப் ஸ்டாண்டுக்கே கேட்கும்படி சொன்னார். ஊர் இன்னமும் அவரை எக்ஸ்பிரஸ் என்றுதான் கூப்பிடுகிறது. அன்றைக்கு என் வாயில் வராததை இப்போது சொல்லிவிடுகிறேன்: அந்தப் பொட்டலம் என்னுடையது, சார். அண்ணனுக்கு ஒரு குறையும் இல்லை.