பின்னங்கால்களில் வைக்கோல் இல்லை

என் மனைவியின் உடன்பிறந்த அண்ணனும், காட்டு மிருகத்தின் முன்பாதியுமான மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

மேற்படி மிருகத்தின் பின்பாதியாகிய வைக்கோல் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மகனும் மருமகளும் சுகம். தாங்களும் சுகமாக இருப்பதை, இந்த வாரப் பத்திரிகையில் பல்செட் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தைப் பார்த்து மருமகள் சொல்லத் தெரிந்துகொண்டோம். எனக்கு எழுத்து தெரியாது என்பது தாங்கள் அறிந்ததே. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். பிழை இருந்தால் அவளுடையது, கோபம் முழுக்க என்னுடையது.

எனக்குப் படிக்கத் தெரியாது, மறக்கவும் தெரியாது. அந்த மிருகம் பிறந்தது பழைய பாலம் வெள்ளத்தோடு போன வருஷம். மந்திரி வந்து புதுப்பாலத்துக்குக் கல் நட்டார், அந்தக் கல்லும் அடுத்த மழையில் போனது. ரொட்டிக் கிடங்கு தீப்பிடித்து, கடைத்தெரு முழுக்கக் கருகின வாசனையோடு கிடந்ததும் அந்த வருஷம்தான். தங்கள் தகப்பனார் சர்க்கஸ் பார்க்கப் போய், சொந்தச் செருப்பைத் தொலைத்துவிட்டு, யாருடையதோ பெண்பிள்ளைச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாரே, அதே வருஷம். நாம் இருவரும் வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் தூக்கிக்கொண்டிருந்தோம். முன்னால் தாங்கள், பின்னால் நான். பீரோவுக்குப் பின்னால் பிடிக்கிறவனுக்குப் பீரோவைத் தவிர உலகத்தில் வேறொன்றும் தெரியாது. முன்னால் போகிறவன் “படி” என்றால் படி, “திருப்பம்” என்றால் திருப்பம். அவன் வாய் திறந்து “வை” என்று சொல்கிற வரைக்கும் கை முறிந்தாலும் கீழே வைக்கக் கூடாது. அதுதான் நம் தொழிலின் சட்டம். இதை ஏன் சொல்கிறேன் என்பது தங்களுக்கே தெரியும். தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு நாள் சினிமாக் கம்பெனி மாடியிலிருந்து சோபாவை இறக்கினோம். மழைக்காகச் சோபாவுக்கும் நமக்கும் சேர்த்து ஒரே போர்வை. கீழே நின்ற டைரக்டர் கத்தினார்: “அப்படியே நில்லுங்கய்யா! இறக்காதீங்க! இதான் என் மிருகம்!” தாங்கள் போர்வைக்குள்ளிருந்து, “சார், இது சோபா சார்” என்றீர்கள். தங்கள் நடிப்பு வாழ்க்கையில் தாங்கள் பேசிய ஒரே உண்மையான வசனம் அது. அன்றைக்கு வேலைக்குச் சேர்ந்தோம். சாக்குப்பையும் தேங்காய் நாரும் வைத்துத் தோல் தைத்தது தங்கள் தங்கை. கண்ணுக்கு இரண்டு சைக்கிள் விளக்கு. பல்லுக்கு, போன மாதம் நாம் படியில் உருட்டிவிட்ட பியானோவின் வெள்ளைக் கட்டைகள். கதை? காட்டுக்கு உல்லாசமாகப் போகிற பணக்காரப் பிள்ளைகளைச் சேற்றிலிருந்து எழுந்து வரும் மிருகம் ஒவ்வொருவராகத் தின்னும். நடிக்கத் தெரியாதவர்களை முதலில் தின்றது. அதனால் இடைவேளைக்குப் பிறகு ஆள் பஞ்சம்.

அந்தப் படத்தைத்தான் இப்போது தூசி தட்டி எடுத்துக் காவியம் என்கிறார்கள். மருமகள் கட்டுரையை வாசித்தாள். பின்னங்கால் நொண்டுகிறதாம், அது மனிதனால் காயப்பட்ட இயற்கையின் நொண்டலாம். மச்சான், அது உங்களுடைய பூட்ஸ்! என் காலுக்குச் சேராத பூட்ஸை மாட்டிவிட்டு, “ரெண்டு நாள்ல பழகிடும்பா” என்றது யார்? போகட்டும். அடுத்தது உங்கள் பேட்டி. “உள்ளே இருவர் இருந்தீர்களா?” என்று பத்திரிகைக்காரன் கேட்டிருக்கிறான். அதற்கு நீங்கள், “இல்லை தம்பி, நான் ஒருவன்தான். பின்பக்கம் வைக்கோல் அடைத்திருந்தோம்” என்றிருக்கிறீர்கள். மருமகள் அந்த வரியோடு வாசிப்பதை நிறுத்திவிட்டாள். “மாமா, பின்னாடி நான்தான் இருந்தேன்னு சொல்வீங்களே?” என்றாள். இத்தனை வருஷம் நான் சொன்னதெல்லாம் கதை என்று அந்தப் பெண் நினைத்த அந்த ஒரு நொடி இருக்கிறதே, அதை எந்தப் பேட்டியில் திருப்பிக் கொடுப்பீர்கள்? எழுதும்மா, நிறுத்தாதே, அழுகையெல்லாம் இல்லை, கண்ணில் சொட்டு மருந்து.

இனிமேல் எனக்கு ‘நீங்கள்’ வராது, ‘நீ’தான். கரடி வந்த அன்று என்ன நடந்தது என்று நீ மறந்திருந்தால் கேட்டுக்கொள். நடுக்காட்டில் மிருகம் நடந்து வருகிற காட்சி. நான் குனிந்து, உன் இடுப்புப் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, கண் மூடின இருட்டில் வருகிறேன். நீ நின்றாய். “ஏம்ப்பா நின்னுட்டே?” என்றேன். “உஷ்” என்றாய். அப்புறம் பர்ரென்று ஒரு சத்தம், தையல் விட்டுப் போச்சு, பெல்ட் மட்டும் என் கையில். நெஞ்சுப் பக்கம் காற்று வருகிறது. டைரக்டர் ஓடுகிற சத்தம், கேமராக்காரர் ஓடுகிற சத்தம், கேமரா மட்டும் ஓடாமல் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. நான் நகரவில்லை. நீ “வை” சொல்லவில்லையே! தலையில் சாக்கு, குனிந்த முதுகு, பின்னால் வால், அப்படியே நிற்கிறேன். கொஞ்சத்தில் முன்னால் ஒரு மூச்சு. நீ திரும்பி வந்துவிட்டாய் என்று நினைத்து, “எங்கப்பா போனே, சொல்லிட்டுப் போகக் கூடாதா? குளிச்சு எத்தனை நாளாச்சு உனக்கு?” என்று திட்டினேன். பெல்ட்டை மாட்டிவிடலாமென்று இடுப்பைத் தடவினேன். ஒரே மயிர். “என்னடா இது, கம்பளி போட்டிருக்கியா?” என்றேன். அது பொறுமையாக நின்று கேட்டது. உன்னைத் திட்டினால் நீ இவ்வளவு பொறுமையாக ஒரு நாளும் கேட்டதில்லை. என்னை ஒருமுறை முகர்ந்தது, இது தின்கிற சாமான் இல்லை என்று தெரிந்ததும் தன் வழியே போய்விட்டது.

அப்புறம் வந்தது உன் தங்கை, கையில் தையல் கத்தரியோடு. “நிமிருங்க, கரடி போயிடுச்சு!” என்றாள். “கரடியா? உங்க அண்ணன் எங்கே? அவன் ‘வை’ சொல்லட்டும்” என்றேன். “அவன் மரத்து மேல இருக்கான். இப்போதைக்குச் சொல்ல மாட்டான். நான் சொல்றேன், வைங்க” என்றாள். வைத்தேன். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவளைக் கட்டிக்கொண்டேன். நீ என்னவோ, நடந்ததற்கு ஈடாகத் தங்கையைக் கொடுத்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டாய். அவள் கேட்டுவிட்டு, “எங்க அண்ணன் விட்டுட்டு ஓடின மொத ஆள் நான்தான், நீங்க ரெண்டாவது” என்பாள்.

பத்திரிகைக்காரன் அந்தக் காட்சியையும் விடவில்லை. மிருகம் இரண்டாகப் பிளப்பது மனித மனத்தின் பிளவாம். அது உன்னுடைய யோசனையாம்! ஆனால் இடையில் வரும் கரடி வேஷம் மட்டும் நம்பும்படி இல்லை, உள்ளே ஆள் இருப்பது அப்பட்டமாகத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறான். பாவம் அந்தக் கரடி. சாக்குக்குக் காவியப் பட்டம், நிஜக் கரடிக்கு நடிப்பு வரவில்லை என்று பேர். அதற்கும் மச்சான் ஒருவன் இருந்திருப்பான் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படத்தைப் போட்டு, மேடையேற்றி உனக்குச் சால்வை போடப்போகிறார்களாம். எனக்கும் ஓர் அழைப்பு வந்திருக்கிறது, ‘குடும்பத்தினர்’ என்று. முடிவாகச் சொல்கிறேன். மைக்கைப் பிடித்து, பின்னங்கால்கள் யாருடையவை என்று ஊரறிய நீ சொல்ல வேண்டும். சொல்வேன் என்று முதலில் எனக்குப் பதில் வர வேண்டும். இல்லையென்றால் நான் அங்கே வரமாட்டேன், உன் வீட்டுக்கும் வரமாட்டேன், செத்தாலும் எனக்குச் சொல்லி அனுப்பாதே.

மற்றபடி உன் முழங்கால் வலி குறையட்டும். பல்செட் கழன்று விழாமல் நிற்கட்டும். சால்வை நல்ல துணியாக அமையட்டும். பேரப் பிள்ளைகள் உன்னைப்போல் ஓடாமல், நின்று பேர் வாங்கட்டும்.

இப்படிக்கு,
வைக்கோல்

பின்குறிப்பு: மருமகள் இதை முழுக்க ஒருமுறை வாசித்துக் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பதிலெல்லாம் போட வேண்டாம். வைக்கோல் என்றே சொல்லிக்கொள், அவர்களுக்கென்ன தெரியும். இதை எழுதுகிற மருமகள் நம்புகிறாள், அது போதும். விஷயம் வேறு. கண்ணில் ஆபரேஷன் செய்தும் எனக்கு வெளிச்சம்தான் தெரிகிறது, ஆள் தெரியவில்லை. மேடைக்குப் படி இருக்குமாம். அந்தப் பழைய பெல்ட் என்னிடம்தான் இருக்கிறது, கொண்டுவருகிறேன், இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் நட. படி வந்தால் “படி” என்று சொல். நாற்காலி வந்ததும் “வை” என்று சொல், உட்காருகிறேன். நீ சொல்லாமல் உட்கார மாட்டேன், எத்தனை பேர் பார்த்தாலும் நின்றுகொண்டேதான் இருப்பேன். டைரக்டர் போய்விட்டார், கேமராக்காரர் போய்விட்டார், தின்னப்பட்ட பிள்ளைகள் எல்லோரும் போய்விட்டார்கள், கரடியும் போயிருக்கும், உன் தங்கையும் போய்விட்டாள். எனக்கு “வை” என்று சொல்ல உலகத்தில் உயிரோடு மிச்சம் இருப்பது, மச்சான், நீ ஒருத்தன்தான்.