மாடி என்று நினைத்துவிட்டேன், மாமா

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு, உங்கள் மாப்பிள்ளை தலை குனிந்தபடி எழுதிக்கொள்வது. தாங்களும் அத்தையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே உங்கள் மகள் உடம்பளவில் நலம். என் நலத்தைப் பற்றி விசாரிக்க வேண்டாம், அதற்கு எனக்கு அருகதை இல்லை.

உங்கள் மகளை அரசாங்கம் விண்வெளிக்கு அனுப்பப்போவது தாங்கள் அறிந்ததே. எப்போது என்பதுதான் யாரும் அறியாதது. ஒரு அமைச்சர் சரி என்பார், அடுத்து வருபவர் யோசிக்க வேண்டும் என்பார், அவர் யோசித்து முடிப்பதற்குள் பதவி போய்விடும். இவளோ விடாமல் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்கள் எழுத்துப் பலகையைப் படிப்பதை விட்டுவிட்டு, "என்ன சார், வீட்ல இன்னும் கீழதான் இருக்காங்களா?" என்று கேட்கிறார்கள். நானும் சிரித்து வைப்பேன். இது இப்படியிருக்க, எங்கள் வீட்டுக்காரர் வேறு, தரைத்தளத்தில் அவர் மகன் கடை போட வேண்டுமாம், எங்களை மாடிப் போர்ஷனுக்குப் போகச் சொல்லி ஒரே நச்சரிப்பு. "நாளைக்கு நம்ம ஆளு போன் பண்ணுவான், முடிவைச் சொல்லிடுங்க" என்று மிரட்டிவிட்டுப் போனார். மறுநாள் நான் கடையில் காலையிலிருந்து பதிலை ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். கேடுகாலம், மாமா, அன்றைக்கென்று பார்த்துத்தான் அந்தப் போன் வந்தது.

"வணக்கம் சார், மேடம் மேலே போற விஷயமாப் பேசறேன், குடும்பத்துல எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்றான் ஒருத்தன். எனக்கு ரத்தம் கொதிச்சுப்போச்சு. "மேலே போற பேச்சே கிடையாது. அவளுக்கு முட்டி வலி, நாலு படி ஏறினா மூச்சு வாங்குது, உசரத்துலேர்ந்து பாத்தா தலை சுத்துது"ன்னு அடுக்கினேன். எல்லாம் பொய். அவன் அசரவே இல்லை. மேலே தண்ணி ஏறாதேன்னேன், "தண்ணி கையோட குடுத்தனுப்பிடுவோம் சார்"ங்கறான். அதுல எப்படிய்யா குளிக்கிறதுன்னா, "குளிக்க மாட்டாங்க சார், ஈரத்துணியால துடைச்சுக்குவாங்க"ங்கறான்! காத்து வரணுமேன்னு கேட்டேன், அதையும் அவங்களே அளந்து விடுவாங்களாம். காத்துக்கும் காசு புடுங்குவீங்களாடான்னு மனசுல நெனச்சேன். கடைசியா, "கவலைப்படாதீங்க சார், ஒரே வாரம்தான், அப்புறம் பத்திரமா கீழ இறக்கிடுவோம்"ன்னான் பாருங்க, எனக்கு வந்ததே ஆத்திரம். "ஒரு வாரத்துக்கா நான் பீரோவைத் தூக்கிட்டு மேல வரணும்? கோர்ட்டுல பாத்துக்கலாம் போய்யா"ன்னு கத்திட்டு வெச்சிட்டேன். கடையில கண்ணுல சொட்டு மருந்து விட்டு உக்காந்திருந்த ஒரு அம்மா கூட, "நல்லாக் குடுத்தீங்க தம்பி"ன்னாங்க. வீட்டுக்காரரை ஜெயிச்சுட்ட மாதிரி நானும் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

அன்னைக்கு சாயங்காலம் உங்க பொண்ணு வீட்டுக்கு வந்து, செருப்பைக் கூடக் கழட்டாம, "ஆபீஸ்ல எல்லாரும் பீரோ பீரோன்னு சிரிக்கறாங்களே, என்னங்க அது?"ன்னு கேட்டா. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. பேசினவன் விண்வெளித் துறை ஆளு மாமா! அவளைப் பகல் பூரா படியேற வெச்சு முட்டியைத் தட்டித் தட்டிப் பாத்திருக்காங்க. அங்க நிதி விவகாரம் பாக்கற ஒருத்தரு, மனுஷங்களை அனுப்பறது தண்டச் செலவு, இயந்திரத்தை அனுப்புங்கன்னு ரொம்ப நாளாச் சொல்லிக்கிட்டிருந்தவரு, "பாத்தீங்களா, இயந்திரத்துக்குப் புருஷன் கிடையாது"ன்னாராம். கூட்டத்துல எல்லாரும் சிரிச்சாங்களாம். அதுல இவளும் இருந்திருக்கா.

மறுநாள் மன்னிப்புக் கேக்கப் போனேன். வாசல்ல காவலர், "யாரைப் பாக்கணும்?"னார். நான் இன்னாரோட புருஷன்னு சொன்னேன். "ஓ, பீரோவா? உள்ள போங்க"ன்னார். வழியில எதிர்ப்பட்டவங்க எல்லாம் என்னைப் பாத்து வாயைப் பொத்திக்கிட்டாங்க. அவளோட அதிகாரி மட்டும் சிரிக்கலை. மேலிடத்துக் கூட்டம் முடியட்டும், பாக்கலாம்னு அனுப்பிட்டார். எனக்கு அந்த எடத்துலயே மண்ணுக்குள்ள புதைஞ்சிடலாம் போல இருந்துச்சு.

ஆனா அதெல்லாம் கூடப் பரவால்ல. இதை உங்ககிட்ட சொல்லாம இருக்க முடியலை. முதல் நாள் சாயங்காலம் அவ சொன்னதைக் கேட்டு, அவ போறது நின்னுடும்போல இருக்குன்னு புரிஞ்ச அந்த நிமிஷம், எனக்குள்ள "அப்பாடா"ன்னு ஒரு மூச்சு வந்துச்சு. ஒரே மூச்சுதான். என் முகத்துல அதை அவ பாத்துட்டா. அதுலேர்ந்து நான் சாப்பாடு பரிமாறினா "நன்றி"ங்கறா. கட்டின புருஷனுக்கு எந்தப் பொண்டாட்டியாவது நன்றி சொல்லுவாளா மாமா? நாலு திட்டு திட்டிட்டாலாவது தேவலை.

ஆகவே, தாங்கள் அவளிடம் பேசி, இந்த மடையனைத் திட்டவாவது செய்யச் சொல்லுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அத்தைக்கு என் வணக்கம். கல்யாணப் படத்தில் என் முகத்தின்மேல் ஏதாவது ஒட்டி வைத்தாலும் எனக்கு வருத்தமில்லை.

தங்கள் ஆசியை எதிர்பார்க்கும் தைரியம்கூட இல்லாத,
மாப்பிள்ளை.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் அந்த அதிகாரியே போன் பண்ணினார். "உங்க பேச்சுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை சார். பட்டியல்ல மேடம் பேருதான் முதல்ல இருந்துச்சு, முட்டி வலியை யாரும் நம்பலை. மனுஷங்களை அனுப்பற திட்டத்துக்கே பணம் கிடையாதுன்னுட்டாங்க. இனிமே எப்போன்னு கேக்காதீங்க, எங்களுக்கே தெரியாது"ன்னார். நான் போனை வெச்சிட்டு, "என் தப்பில்ல! என் தப்பில்ல!"ன்னு கூடத்துல குதிச்சேன் மாமா. திரும்பிப் பாத்தா அவ நிக்கறா. விஷயத்தைச் சொன்னேன். நாற்காலியில மெதுவா உக்காந்து, "அப்ப யார் தப்புங்க?"ன்னு கேட்டா. மேல எழுதினதையெல்லாம் கிழிச்சுப் போட்டுடுங்க, எனக்கு மன்னிப்பு வேண்டாம். தப்பு என்னோடதாவே இருந்திருக்கலாம் மாமா. என்மேல கோபமா இருந்த வரைக்கும், ஒரு நாள் மேல போயிடலாம்னு அவ நம்பிக்கிட்டிருந்தா.