பொம்மியைப் பெண் பார்க்க வந்தார்கள்

பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பெண்ணை மாற்றிக் காட்டியவள் நான். எங்கள் சொந்தபந்தத்தில் இதுவரை யாரும் செய்யாத (அல்லது செய்துவிட்டு ஒத்துக்கொள்ளாத) காரியம் இது. பெண் என்றது ஒரு பூனையை என்று தெரிந்ததும் சிலர் உடனே மன்னித்துவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம், முழுதும் கேட்டுவிட்டு மன்னியுங்கள்.

பொம்மியைப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், சாக்கடை ஓரத்திலிருந்து எடுத்து வந்தேன். நிற்க வைத்தால் தலை ஆடும். நடக்க விட்டால் நாலடிக்கு ஒருமுறை சாய்ந்து விழும். "நோய் இல்லம்மா, பொறப்புலயே மூளையில சின்னக் குறை. வலி கெடையாது. ஆடிக்கிட்டேதான் இருக்கும், ஆனா நல்லா இருக்கும்" என்றார் கால்நடை டாக்டர். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை நினைத்துத்தான் அந்தப் பெயரை வைத்தேன்.

அதற்குக் கூச்சமோ கூச்சம். கேட் சத்தம் கேட்டால் போதும், அரிசி டிரம்முக்குப் பின்னால் போய்விடும். அப்போது என் வீட்டுக்காரர் குவைத்தில் இருந்தார். வீட்டில் நானும் மாமியாரும்தான். குவைத்திலிருந்து அவர் போனில் பேசி முடித்து வைத்ததும் வீடு ஒரு மாதிரி காலியாகும். அந்த நேரம் பார்த்து பொம்மி ஆடி ஆடி வந்து என் காலில் சாய்ந்து நிற்கும். சாய ஏதாவது இருந்தால்தான் அதற்கு நிற்க வரும். எனக்கும் அது வேண்டியிருந்தது.

இரண்டு வருடம் கழித்து அவருக்கு மூன்று மாத லீவு கிடைத்தது. சந்தோஷத்தில் குதித்தேன். குதித்து இறங்குவதற்குள் ஞாபகம் வந்தது, அவருக்குப் பூனை முடி ஆகாது. முன்பு ஒரு சொந்தக்காரர் வீட்டில் பூனை படுத்த பாயில் உட்கார்ந்துவிட்டு இளைப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர்.

"அதுக்காக அத வெரட்ட வேணாம் மலரு. நான் மொட்டைமாடியில படுத்துக்கிறேன்" என்றார் போனில். மனுசன் மொட்டைமாடியில் படுக்கவா நான் இரண்டு வருடம் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்?

வேறு வழியில்லை, பொம்மிக்கு ஒரு நல்ல வீடு பார்க்க வேண்டும். முதலில் கேட்ட இரண்டு பேரிடம் தலை ஆடுவதை உள்ளபடி சொன்னேன். "ஐயோ பாவம்" என்றவர்கள் அப்புறம் போனையே எடுக்கவில்லை. எனவே வாட்ஸப்பில் விளம்பரம் போட்டேன். எனக்கு எழுதத் தெரிந்த விளம்பரம் ஒன்றே ஒன்றுதான், வெளியூரில் வேலை பார்க்கும் என் நாத்தனாருக்கு மாப்பிள்ளை தேடி எழுதியது. அதே நடையில் எழுதினேன்: 'வெள்ளை நிறம். குடும்பப் பாங்கு. அதிர்ந்து பேசாது. வீட்டை விட்டு வெளியே போகாது. கொஞ்சம் கூச்ச சுபாவம்.' தலை விஷயத்தை விட்டுவிட்டேன். தூங்கும்போது தலை ஆடாது என்பதால், தூங்கும்போது எடுத்த போட்டோவையே போட்டேன். (புத்திசாலி என்று என்னை நானே மெச்சிக்கொண்டது வேறு.)

கீரனூரிலிருந்து ஒரு அக்கா கூப்பிட்டார். பெயர் ராசாத்தி, வீட்டிலேயே தையல் வேலை. ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்.

"வாரவங்களுக்கு வெறுங்காப்பியா குடுப்பே?" என்று அத்தை கேசரி கிண்டி, பஜ்ஜிக்கு மாவு கரைத்துவிட்டார். ராகுகாலம் கழிந்துதான் வரவேண்டும் என்று அவர்களுக்குப் போனும் போட்டார்.

அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். வலது முட்டியைக் கையால் அழுத்தி அழுத்தித்தான் நடந்தார். பின்னால் அவர் வீட்டுக்காரர் ஒரு தட்டோடு வந்தார். தட்டில் பூ, வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, நடுவில் ஒரு பாக்கெட் நெத்திலிக் கருவாடு.

"மொதமொதல்ல பாக்க வாரோம், வெறுங்கையோட வரக்கூடாதுல்ல" என்றார் அவர்.

பஜ்ஜி தீர்ந்தது. கேசரியும் தீர்ந்தது. பொம்மி டிரம்முக்குப் பின்னாலிருந்து அசையவில்லை. "பொண்ணு எங்கம்மா?" என்று இரண்டாவது தடவை கேட்டார்கள். அத்தை என் காதில் கிசுகிசுத்தார்: "செவத்துமேல பக்கத்து வீட்டு வெள்ளையன் கெடக்கான். தூக்கிட்டு வா. இவங்க மனசுக்குப் புடிக்கட்டும், அப்பறம் மெதுவா நம்ம புள்ளையக் குடுப்போம்."

படித்த பெண் நான். மறுத்திருக்க வேண்டும். போய்த் தூக்கி வந்தேன்.

வெள்ளையன் அக்கா மடியில் ஒரு மூட்டை மாதிரி உட்கார்ந்தது. "போட்டோவுல காதுகிட்ட கறுப்பு இருந்துச்சே?" என்றார் அக்கா.

"குளிப்பாட்டிட்டோம்" என்றார் அத்தை.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு சாந்தி உள்ளே வந்தாள். "எங்க வெள்ளையன் இங்கிட்டு வந்தானா? அட, இங்க கெடக்கானா? வாடா கடுவா" என்று அள்ளிக்கொண்டு போயே போய்விட்டாள். காட்டியது மாற்றுப் பெண் மட்டுமல்ல, பெண்ணே இல்லை என்பதும் வெட்டவெளிச்சமானது.

"போட்டோவுல இருந்த பூனை எங்க? அதுக்கு என்ன கொறை?" என்றார் அக்கா. குரல் உயரவில்லை. அதுதான் இன்னும் சுட்டது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா தன் வலது முட்டியைத் தடவிக்கொண்டார். பிறகு சொன்னார்: "என்னய நாலு தடவ பொண்ணு பாக்க வந்தாங்க. எங்கப்பா என்னய முன்கூட்டியே பாயில ஒக்கார வச்சிருவாரு. காப்பி குடுக்கக்கூட எந்திரிக்க விடமாட்டாரு. நாலாவதா வந்த இவருதான், அந்தப் பொண்ணக் கொஞ்சம் நடந்து வரச் சொல்லுங்கன்னாரு. நடந்தேன். சரின்னுட்டாரு."

"காப்பி வராம எவ்வளவு நேரம் ஒக்காந்திருக்கிறது?" என்றார் அவர் வீட்டுக்காரர்.

"அதையும் நடக்க விடுங்க. பாப்போம்" என்றார் அக்கா.

டிரம்முக்கு எதிரே தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். கருவாட்டுப் பாக்கெட்டைப் பிரித்து வைத்தார். கூப்பிடவில்லை, கொஞ்சவில்லை, எட்டிப் பார்க்கவும் இல்லை. ஒரு மணி நேரம் அப்படியே இருந்தார். அப்போது நான் என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? வந்துடாதே பொம்மி, வந்துடாதே என்றுதான்.

வந்தது. முதலில் மூக்கு, பிறகு ஆடும் தலை. மூன்றடி நடந்து விழுந்தது. எழுந்தது. அக்காவின் வலது காலில் போய்ச் சாய்ந்து நின்றுகொண்டு நெத்திலியைத் தின்றது.

மறுநாளே பொம்மியைக் கொண்டுபோய் விட்டோம். அத்தை ஒரு புதுத் துண்டில் சுற்றி, நெற்றியில் குங்குமம் வைத்து அனுப்பினார். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார், ஆனால் இன்றுவரை அது மிளகாய்ப் பொடி என்கிறார்.

என் வீட்டுக்காரர் வந்தார். ஒரு நாள்கூட மூச்சு இளைக்கவில்லை. மூன்று மாதம் மூன்று நாளாகப் போனது. இப்போது மறுபடி குவைத். போன் வைத்ததும் வீடு காலியாகிறது. நான் டிரம்முக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறேன், ஒன்றும் இருக்காது என்று தெரிந்தே.

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் அத்தை கேட்கும் முதல் கேள்வி, "நடக்க விட்டுப் பாத்தியா?" வாஷிங் மெஷினுக்கும் கேட்டார். நாத்தனாருக்குப் பார்த்த மாப்பிள்ளைக்கும் கேட்டார், அதுவும் அவர் முன்னாலேயே.

மாதம் ஒரு ஞாயிறு நெத்திலிப் பாக்கெட்டோடு கீரனூர் பஸ் ஏறுகிறேன். என் செருப்புச் சத்தம் கேட்டதும் பொம்மி தையல் மெஷினுக்கு அடியில் போய்விடுகிறது. வெளியாள் வந்தால் எங்கள் வீட்டில் ஓடுமே, அதே ஓட்டம். ராசாத்தி அக்கா கேசரி கொண்டுவந்து வைக்கிறார். "பொண்ணுக்குக் கொஞ்சம் கூச்சம். ஒக்காருங்க, வரும்" என்கிறார். நானும் காலை நீட்டி உட்கார்கிறேன். கூப்பிடுவதில்லை.

வீடு திரும்பியதும் அத்தை கேட்கிறார், "பொண்ணப் பாத்தியாத்தா?"

"வால் மட்டும் பாத்தேன் அத்தை."

"அடுத்த மாசம் மூஞ்சி தெரியும், விடு" என்று காப்பியை ஆற்றித் தருகிறார்.