பதின்மூன்று வருடமாக அறுபத்தொன்று

வயதை வளரவிடாதவர்கள் என்றொரு இனம் நம்மிடையே உண்டு. மீசைக்குச் சாயம் பூசுவார்கள், பஸ்ஸில் யாரும் எழுந்து இடம் தந்தால் முறைப்பார்கள், பேரப்பிள்ளைகளுக்குத் தங்களை 'மாமா' என்று கூப்பிடப் பழக்குவார்கள். வயதைக் கேட்டால், "நீங்களே சொல்லுங்கோ பாப்பம்" என்பார்கள். சரியாகச் சொல்லிவிட்டீர்களா? அந்த உறவு அன்றோடு முடிந்தது.

அரிப்புக் கிராமத்து அமிர்தநாயகம், ஓய்வுபெற்ற தபால் அதிபர், இந்த இனத்தில் மூத்தவர். மன்னிக்கவும், முக்கியமானவர். பதின்மூன்று வருடமாக அவருக்கு வயது அறுபத்தொன்று. குடலிறக்கத்துக்கு ஒப்பரேஷன் என்றானபோதும் ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டில் தாதியைக்கொண்டு அதையே எழுதுவித்தார். அடையாள அட்டை? "வீட்டில விட்டிட்டு வந்திட்டன், மிஸ்ஸி." வாய் திறக்கப்போன மனைவி றோஸ்மேரியை ஒரு பார்வையால் அடக்கினார்.

மறுநாள், மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் பரீனா துண்டைப் பார்த்தார். பிறகு அமிர்தநாயகத்தின் கழுத்துச் சுருக்கத்தைப் பார்த்தார்.

"ஐயா, வயசு அறுபத்தொண்டுதானே?"

"ஓம்."

"வயசு போனவைக்கு இந்த மருந்து கொஞ்சம் போதும். கூடினா பிரஷர் விழும், மூச்சும் நிண்டிடலாம். அதுதான் கேக்கிறன்."

அமிர்தநாயகத்தின் நெஞ்சு படபடத்தது. பக்கத்து இயந்திரம் அதைக் கீக்கீக் என்று எல்லோருக்கும் அறிவித்தது. இளைஞனாகச் சாவதா, கிழவனாகப் பிழைப்பதா?

"அறுபத்தஞ்சு எண்டு வையுங்கோவன்."

டொக்டர் மறுபடியும் கழுத்துச் சுருக்கத்தைப் பார்த்தார்.

"அறுபத்தொன்பது."

டொக்டர் ஊசியைக் கையில் எடுத்தார்.

"எழுபத்திநாலு, பிள்ளை! மாதாவாணை!"

பரீனா அளவைக் குறைத்து, மெதுவாக ஏற்றினார். வயதான உடம்பில் மருந்து மூளைக்குப் போய்ச்சேர நேரமெடுக்கும் என்று பொறுமையாகக் காத்திருந்தார். அந்த இடைவெளி அமிர்தநாயகத்துக்குப் போதுமாயிருந்தது.

"பாத்தீங்களே, எனக்கு ஒண்டும் செய்யேல்லை. இளம் உடம்..."

தூங்கிப்போனார்.

பின்னேரம் வார்டில் கண்விழித்ததும் றோஸ்மேரியிடம் சொன்னார்: "எனக்குக் கொஞ்ச மருந்துதான் தேவைப்பட்டதாம். அப்பிடி ஒரு உடம்பு!"

கட்டிலில் தொங்கிய துண்டில் அறுபத்தொன்றை வெட்டி, எழுபத்திநாலு என்று சிவப்பில் எழுதியிருந்தது. றோஸ்மேரி பதறி அதன்மேல் முகம் துடைக்கும் துவாயைப் போட்டார். இவருக்கு எழுபத்திநாலு என்றால், ஐம்பத்தெட்டிலேயே நிற்கும் தன்னைப் பற்றிச் சனம் கணக்குப் பார்க்காதா?

சிரிக்கிறீர்களா? சரி, உங்கள் வயதென்ன? பார்த்தீர்களா, ஒரு கணம் யோசித்தீர்கள். வெளியே எதையும் சொல்லுங்கள். ஊசியோடு நிற்பவரிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். என் வயதா? எனக்கு இப்போதைக்கு ஒப்பரேஷன் ஒன்றும் இல்லை.